‘அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்’ அங்கிள்

பினாங்குக் கெலுகோரில் வாசிங் மெசின் பழுது பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிழைப்புதான் கொஞ்சம் சிரமம். தெருவுக்கு ஒரு ‘அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்’ அங்கிள் இருக்கும் ஊரில் வேறு யார் பிழைக்க முடியும்? தாமான் துன் சார்டோன் அடுக்குமாடியில் ஒருவர், மிண்டன் ஹைட்ஸ் மேட்டில் ஒருவர், சுங்கை கெலுகோர் பக்கம் ஒருவர் என்று பரவலாகக் குடியிருக்கிறார்கள். கைலியை மடித்துக் கட்டி, சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகியிருப்பார். கோயிலுக்குப் போனாலும் டெஸ்டர் கூடவே போகும். மண்டபத்து மின்விசிறி லேசாக ஆடினால் போதும், அர்ச்சனைத் தட்டைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்.

இந்த அங்கிள்கள் எங்கே தயாரானார்கள் என்று கேட்டால், பாயான் லெப்பாஸில் என்று தயங்காமல் சொல்லலாம். 1972இல் அங்கே தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியது. நெல் வயலில் இன்டெல் வந்து இறங்கியது. ஹியூலெட் பேக்கார்டு, ஏஎம்டி, ஹித்தாச்சி, போஷ் என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளுக்கு ‘எட்டு சாமுராய்கள்’ என்று பட்டப்பெயரே உண்டு. பினாங்கில் ஒரு தலைமுறையே ஃபேக்டரி பஸ் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போனது. நம் அங்கிளும் போனார். எந்தப் பிரிவில் இருந்தார் என்று துருவக் கூடாது. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் பிரிவாகக்கூட இருக்கலாம். “கம்ப்யூட்டருக்குள்ள போற சிப்பையே பார்த்தவன் நான். இது என்னா, துணி துவைக்கிற டப்பா” என்பார்.

டப்பாவும் விவரமானதுதான். தீபாவளிக்கு முந்திய வாரம் வரைக்கும் பேசாமல் இருக்கும். அந்த வாரம்தான் ஆன்ட்டி ஜன்னல் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றி உள்ளே போடுவார். மெசின் துவைக்கும், அலசும், அதற்கப்புறம் தண்ணீரை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு ‘பீப் பீப்’ என்று கத்தும். சிறு திரையில் எழுத்தும் எண்ணுமாக ஏதோ மின்னும். எல்ஜி மெசினில் அது ‘ஓஈ’, பானாசோனிக்கில் ‘யூ11’, சாம்சுங்கில் ‘5சி’. மூன்றும் சொல்வது ஒன்றைத்தான்: தண்ணீர் வெளியே போகவில்லை. கையேட்டின் பின்பக்கங்களில் இதெல்லாம் அச்சாகியிருக்கும். ஆனால் கையேடு தெரியாதவர்களுக்காக எழுதியது. அங்கிள் அதைத் தொடுவதில்லை.

“என்னாங்க, மெக்கானிக்கக் கூப்பிடுங்களேன்.”

“வந்து எட்டிப் பார்க்கவே காசு கேப்பான்லா. நான் பார்த்துக்கிறேன்.”

“போன வருசம் ஃபேனுக்கும் இப்படித்தான் சொன்னீங்க.”

“ஃபேன் ஓடுதா, இல்லியா?”

“ஓடுது. நிறுத்தத்தான் முடியல.”

முதல் வேலையாகப் போனில் வீடியோ. யாரோ ஒரு வெள்ளைக்காரர், முன்பக்கம் கதவு வைத்த மெசினின் கீழ் மூலையில் சின்ன மூடியைத் திறந்து, ஃபில்டரைத் திருகி எடுத்து, சிக்கியிருந்த காசையும் ஹேர்பின்னையும் காட்டுகிறார். அங்கிளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் வீட்டு மெசினோ மேலே மூடி திறக்கும் ரகம். இந்த ரகத்தில் பலவற்றுக்குப் பம்ப்பே கிடையாது. தொட்டிக்கு அடியில் ஒரு வால்வு, அதை இழுத்துத் திறக்க ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். வால்வு திறந்ததும் தண்ணீர் தன் பாட்டுக்குப் பள்ளம் பார்த்து ஓடிவிடும். முன்கதவு மெசின் பம்ப் வைத்து இடுப்பளவு உயரத்துக்குக்கூடத் தண்ணீரைத் தள்ளும். இதற்கு அந்தத் தெம்பு இல்லை.

இல்லாத ஃபில்டரை அங்கிள் ஒரு பகல் முழுக்கத் தேடினார். மெசினைச் சாய்த்தார், முதுகுத் தகட்டைக் கழற்றினார், மருமகனைக் கூப்பிட்டு டார்ச் அடிக்கச் சொன்னார். டார்ச் பிடிப்பவனுக்கு இந்த வீட்டில் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது. “அங்க அடி… இங்க அடி… நான் பார்க்கிற பக்கம் அடிப்பா!” கடைசியில் அந்த வால்வு மோட்டார் கண்ணில் பட்டது. இவன்தான் திருடன் என்று முடிவாகி, புது மோட்டார் வாங்கி மாட்டப்பட்டது. ஸ்குரூ சில மிஞ்சின. “கம்பெனிக்காரன் எப்பவும் எக்ஸ்ட்ரா போட்டுத்தான் அனுப்புவான்” என்று மைலோ டின்னில் போட்டுவைத்தார். அந்த வீட்டுக்கு எல்லாக் கம்பெனிக்காரனும் எக்ஸ்ட்ரா அனுப்பியிருப்பதை டின்னைத் திறந்தால் பார்க்கலாம். மெசின் பழையபடி பாதித் தண்ணீரை விட்டுவிட்டு மீதியை வைத்துக்கொண்டு கத்தியது.

மூலைக் கடை டோபியில் காசு போட்டால் காய்ந்தே வந்துவிடுமே என்றால், “வீட்டில மெசின வெச்சிக்கிட்டு டோபிக்குப் போனா பார்க்கிறவன் என்னா நெனைப்பான்?” என்பார். ஆன்ட்டி சொட்டச் சொட்டத் திரைச்சீலைகளைப் பைகளில் திணித்துக்கொண்டு பட்டர்வொர்த்தில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். கெலுகோர்க்காரர்களுக்கு 1985இல் திறந்த பினாங்குப் பாலம் வாசலிலேயே இருக்கிறது. போகும்போது டோல் இல்லை. தீவுக்குத் திரும்பும்போது காருக்கு 5 வெள்ளி 74 காசு. மெக்கானிக் காசு மிச்சம் என்று அங்கிள் போடும் கணக்கில் இந்த டோல் வராது, பெட்ரோல் வராது, புது மோட்டாரும் வராது. “இதுக்குப் பேசாம ஆயர் ஈத்தாம் டோபி காட்டுக்கே கொண்டு போயிருக்கலாம்” என்றார் ஆன்ட்டி. அந்த ஆற்றோரம் நம் சலவைக்காரர்கள் கல்லில் அடித்துத் துவைத்த காலத்தில், தண்ணீர் வடியவில்லை என்று யாரும் குறை சொன்னதில்லை.

அங்கிள் பசியாறப் போன ஒரு காலையில் குட்டு உடைந்தது. அவர் ரொட்டி சானாய்க்கு உட்கார்ந்த நேரம் பார்த்து ஆன்ட்டி மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். வந்த பையன் மெசினைத் திறக்கவே இல்லை. பின்னால் போகும் குழாய் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தான். அது தரைச் சாக்கடைக்குப் போகாமல், ஒரு நீல டிரம்மின் வயிற்றில் போட்டிருந்த ஓட்டைக்குள் ஏறிப் போயிருந்தது.

டிரம்முக்கு ஒரு வரலாறு உண்டு. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றும் வேலைக்காகப் பினாங்கில் நாள்கணக்கில் தண்ணீர் தடைபட்டது. (யுஎஸ்எம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம்ம சுங்கை டுவா அல்ல, செபராங் பிறையில் இருப்பது. அங்கிள் முதல் நாள் இங்கேதான் போய் விசாரித்துவிட்டு வந்தார்.) அன்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் வீணாகக் கூடாது என்று விரதம். துவைத்த தண்ணீரைத் தரையில் வைத்த பேசினில் பிடித்துக் கார் கழுவினார். குனிந்து அள்ளி முதுகு பிடித்துக்கொண்டதால் இந்தத் தீபாவளிக்கு டிரம்முக்கு உயர்ந்தார். மெசின் தண்ணீர் ஓட்டையின் உயரம் வரைக்கும் இறங்கும். அதற்குமேல் போக வழியில்லை.

பையன் குழாயை உருவித் தரையில் போட்டான். தண்ணீர் சடசடவென்று போய்விட்டது. காசை வாங்கிக்கொண்டு அவனும் போய்விட்டான்.

திரும்பி வந்த அங்கிள் அசரவில்லை. “பார்த்தியா? இதுல பம்ப் இல்ல. அதான் கோளாறு.” மறுநாளே மீன்தொட்டி விற்கும் கடையில் ஒரு பம்ப் வாங்கி வந்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். பக்கத்து வீட்டு மெசின் நின்றபோது இதே அங்கிள் கொஞ்ச நேரத்தில் ஓட வைத்தார். அடுத்த வீட்டில் கேட்டுவிட்டுத் திறக்கிறார். சொந்த வீட்டில் திறந்துவிட்டுத்தான் கேட்கிறார்.

ஆகவே, உங்கள் வீட்டு மெசினும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மேல்மூடி மெசினாக இருந்தால் குழாய் எங்கேயாவது மேடேறியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று பார்த்துத் தரையோடு கிடத்துங்கள். முன்கதவு மெசினாக இருந்தால் கீழ் மூலை மூடிக்கு அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை பொறுங்கள். எதைச் செய்தாலும் அங்கிள் பசியாறப் போயிருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.