முகூர்த்தம் தப்பக்கூடாது

மலேசியாவின் சிப்பாங்கில் செம்பனை காய்த்த மண்ணில் விமான நிலையம் கட்டியதும் கல்யாணம் நடத்துவதும் ஒன்றுதான். 1998 செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டு. விருந்தாளிகள் வருவதற்குள் பந்தல் நிற்க வேண்டும்.

பந்தலில் ஒரு குறையும் இல்லை. கிஷோ குரோகாவா என்ற ஜப்பானியர், காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்று வரைந்து கொடுத்தார். (காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள், தோட்டத்தை வெட்டி நிலையம் கட்டினார்கள், கடைசியில் நடுவில் ஒரு துண்டுக் காட்டை நட்டார்கள்.)

அடுப்படியில் இருந்தது 'டேம்ஸ்' என்ற கணினி முறைமை. விமானம் எந்த வாசலில் நிற்கும், பலகையில் என்ன நேரம் தெரியும் என்று தனித்தனி அடுப்பில் பொங்க வேண்டியவற்றை ஒரே கூரைக்குள் குடியேற்றிய கூட்டுக்குடும்பம். சின்ன மருமகள் முகத்தைத் தூக்கினால் மாமனாருக்குக் காபி வராது.

இப்படிப்பட்ட முறைமைக்கு விழாமல் ஓடுவதா, வேகமா, அழகா, விழுந்தால் சட்டென எழுவதா, எது முதல்? அதைக் கட்டியவர்களின் கூட்டத்தில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனால் நான் உட்கார்ந்த மென்பொருள் கூட்டங்களில் எல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: "எல்லாமே முதல்தான் சார்." அப்படிச் சொன்ன நிமிடமே தேதி சத்தமில்லாமல் முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடும்.

ஜூன் 27இல் மாமன்னர் திறந்து வைத்தார். பழைய விமான நிலையமான சுபாங்கிலிருந்து சட்டி பானையோடு ராத்திரியோடு ராத்திரியாகக் குடிமாற்றம். 30ஆம் தேதி காலை குவாந்தானிலிருந்து முதல் விமானம். விமானங்கள் சமர்த்தாகத்தான் இறங்கின. அப்புறம் வாசல் ஒதுக்கும் கணினி படுத்தது, பெட்டிகளைக் கொண்டுவரும் ஏற்பாடும் படுத்தது. சில பெட்டிகள் காணாமலே போயின. சிலர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் காத்து நின்றார்கள். சென்னையிலிருந்து பறந்து வரவே நாலு மணி நேரம்தான்!

நல்லவேளை, ஜூலை 6இல் ஹாங்காங்கும் புது விமான நிலையம் திறந்தது. அங்கே சரக்குக் கணினி படுத்து, வந்த சரக்கு அழுகியது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்திலும் சாம்பார் தீய்ந்தது என்று கேட்டால் வரும் நிம்மதி இருக்கிறதே!

விருந்தாளிகள் செப்டம்பரில் வந்தார்கள், போனார்கள். பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலிலிருந்து 28 நிமிடத்தில் கொண்டுபோய் விடும் ரயில் 2002 ஏப்ரலில்தான் ஓடியது. தாலி கட்டி நாலு வருஷம் கழித்து மாப்பிள்ளை அழைப்புக் கார்! பெட்டி ஏற்பாட்டை முழுசாக மாற்ற 2007இல் டெண்டர் விட்டார்கள்.

2019 ஆகஸ்டில் கூட்டுக்குடும்பம் மறுபடி பேச்சை நிறுத்தியது, அதுவும் நாள்கணக்கில். பயணிகளை நாலு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னார்கள். ஊழியர்கள் ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தி, மார்க்கரால் விமான நேரங்களை எழுதினார்கள். தப்பு வந்தால் துணியால் துடைத்தால் போதும். அந்தப் பலகை மட்டும் ஒருதரம்கூடப் படுக்கவில்லை.