பொருள்: தங்கள் காவலிலிருந்து விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்: ஒரு வீட்டுக் கணினியின் சொந்தக்காரன்.
பெறுநர்: ரினியூவல் பிரிவு, ஆன்ட்டிவைரஸ் நிறுவனம். (பெயர் எதற்கு? என் திரையின் வலது கீழ் மூலையில் வந்து நிற்பவர்கள் என்றால் உங்களுக்கே தெரியும்.)
பார்வை: தாங்கள் நாளொன்றுக்கு ஆறு வீதம் அனுப்பிய எச்சரிக்கைகள்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் மென்பொருளை நீக்கியபோது, ஏன் போகிறீர்கள் என்று கேட்டீர்கள். விலை அதிகமா, கணினி மந்தமாகிவிட்டதா, வேறொன்று வாங்கிவிட்டேனா என்று விடைகளையும் நீங்களே கொடுத்தீர்கள். நான் 'மற்றவை'யைத் தொட்டேன். 200 எழுத்துக்குள் சொல்லச் சொன்னது கட்டம். ஒரு 'கு' போட்டால் இரண்டாகக் கணக்குப் பண்ணுகிற கட்டம் அது. முதல் வாக்கியத்திலேயே இடம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இதோ.

நாம் சந்தித்தது சென்னை ரிச்சி தெருவில். "ஆன்ட்டிவைரஸ் ஒரு வருஷம் ஃப்ரீ சார்" என்று கடைத் தம்பி உங்களையும் மவுஸ் பேடையும் ஒரே பையில் போட்டார். மவுஸ் பேடு இன்றைக்கும் உழைக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே ஒருவர் காவலுக்கு இருந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து வைரஸ் பிடிக்கும் டிஃபென்டர் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறதாம், தனிக் காசு இல்லாமல். நீங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் தன் நாற்காலியை உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இரண்டு காவல்காரர்கள் ஒரே வாசலில் நின்றால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிப்பார்கள் என்பதால் அவருக்கு அப்படியொரு ஏற்பாடு. இதைக் கடைத் தம்பியும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு கூர்க்கா வருவார். இரவு இரண்டு மணிக்கு ஒரு விசில், தரையில் கம்பால் ஒரு தட்டு. மாதம் பிறந்தால் வாசலில் ஒரு சலாம், ஐம்பது ரூபாய். அவர் ஒருநாளும் என்னைத் தட்டி எழுப்பி, "சார், இன்றைக்கு உங்கள் வீட்டு வழியாக 1,243 பேர் போனார்கள். எல்லார் மீதும் சந்தேகப்பட்டிருக்கிறேன். 899 ரூபாய் கொடுத்தால் அவர்களை அப்புறப்படுத்துகிறேன்" என்றதில்லை. நீங்கள் சொன்னீர்கள், சிவப்பு எழுத்தில். அந்த 1,243 ஆபத்துகளும் யாரென்று பார்த்தால் குக்கீகள். ரயில் டிக்கெட் பார்த்த தளமும் மாமியாருக்குப் புடவை பார்த்த தளமும் விட்டுப்போன துணுக்குகள். உலாவியில் ஒரு பொத்தானைத் தட்டினால் போய்விடும். போயிற்று.

அதோடு விட்டீர்களா? கிளீனர் வேண்டுமா, பூஸ்டர் வேண்டுமா, விபிஎன் வேண்டுமா, டார்க் வெப்பில் என் பெயர் அடிபடுகிறதா என்று பார்க்க வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டீர்கள். என் பெயர் எங்கள் தெருவிலேயே அவ்வளவாக அடிபடுவதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அந்த வியாழக்கிழமை ராத்திரியைத்தான் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலை கட்டுரை போயாக வேண்டும். பதினொன்றரை மணிக்குத் தமிழில் தட்டிக்கொண்டே இருந்தவன் நிமிர்ந்து பார்த்தால், பாதி வாக்கியத்துக்குப் பிறகு எல்லாம் ஆங்கில எழுத்தாக நிற்கிறது. மூலையில் உங்கள் பெருமிதமான அறிவிப்பு: ஓர் ஆபத்து முறியடிக்கப்பட்டது. முறியடிக்கப்பட்டது என் தமிழ்த் தட்டச்சு மென்பொருள். பத்து வருஷமாக என்னோடு இருந்தது. செய்த குற்றம், நான் தட்டும் விசைகளைக் கவனித்தது. கவனிக்காமல் எப்படி ஐயா அது ஆங்கில விசையைத் தமிழாக்கும்? கடவுச்சொல் திருடுகிறவனும் விசையைத்தான் கவனிக்கிறான், சரி. அதற்காக ராத்திரி பிள்ளைக்குப் பால் காய்ச்சியவளையும் பூனையையும் ஒரே கயிற்றில் கட்டுவதா? தனிமைச் சிறையிலிருந்து அதை மீட்க 'திரும்பக் கொண்டுவா' என்று தட்டினேன். கொண்டுவந்து, அடுத்த நிமிஷமே மறுபடி பிடித்தீர்கள். கடைசியில் அந்தக் கட்டுரையை என் பெண்ணின் செல்போனில் ஒற்றை விரலால் அடித்து முடித்தேன். நடை வேகமாக இருக்கிறது என்று ஆசிரியர் பாராட்டினார் என்பது வேறு விஷயம்.

உங்கள் குலத்துக்கு இது புதிதில்லை என்று பிறகு தெரிந்தது. 2010 ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று தூக்கியது. கணினிகள் அணைந்து அணைந்து எரிந்தன. 2021இல் நார்ட்டன், விரும்புகிறவர்கள் வீட்டுக் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொள்ள ஒரு வசதி செய்து கொடுத்து, தோண்டியதில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டது. அவாஸ்ட், வாடிக்கையாளர்கள் எந்தெந்தப் பக்கம் போய் வந்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற கிளை நிறுவனம் வழியாக விற்ற விவகாரத்தில், 2024இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. எங்கள் கூர்க்காவுக்கு இதில் எதுவும் தோன்றியிருக்காது. பாவம், விசிலோடு நின்றுவிட்டார்.

விலை விஷயம். முதல் வருஷம் இலவசம், இரண்டாம் வருஷம் 499, மூன்றாம் வருஷம் 1,899. அதே டப்பா ரிச்சி தெருவில் புதிதாக 400. பழகிய காய்கறிக்கார அம்மா கொத்தமல்லி கொசுறு போடுவார். நீங்கள் பழகப் பழக ஏற்றுகிறீர்கள். அந்த 1,899ஐ என் கார்டிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளவும் இருந்தீர்கள். தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்று 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருப்பதால் எஸ்எம்எஸ் வந்தது, தப்பினேன். நிறுத்தலாம் என்று உங்களைக் கூப்பிடப் பார்த்தால் எண்ணே இல்லை. பேசுகிற பொம்மை ஒன்று மூன்று தடவை வணக்கம் சொன்னது. 1986இல் லாகூர் சகோதரர்கள் இருவர் 'பிரெய்ன்' என்று ஒரு வைரஸ் எழுதினார்கள். ஐபிஎம் பிசிக்கு அதுதான் முதல் வைரஸ் என்பார்கள். அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். வைரஸ்காரர்களிடம் இருந்த அந்த மரியாதையைத்தான் உங்களிடமும் எதிர்பார்த்தேன்.

இப்போது எங்கள் வீட்டு நிலவரம். நீங்கள் கிளம்பிய கையோடு டிஃபென்டர் தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். ஜெர்மனியின் மாக்டெபர்க்கில் ஏவி டெஸ்ட் என்ற கூடம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பரீட்சை வைத்து மார்க் போடுகிறது. டிஃபென்டர் அதில் பாதுகாப்புக்கு 6க்கு 6 பல தடவை வாங்கியவர். காசு வாங்குகிறவர்களிலும் அதே மார்க் எடுப்பவர்கள் உண்டு, பொய் சொல்லக் கூடாது. விண்டோஸ் அப்டேட்டை 'நாளைக்கு' என்று தள்ளுவதை நிறுத்திவிட்டேன். 2017 மே மாதம் கணினியைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகத்தை உலுக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அனுப்பியிருந்தது. 'நாளைக்கு' என்றவர்கள்தான் மாட்டினார்கள். போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, டிஸ்க்கைப் பிடுங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடை போய் வந்த பென் டிரைவை மட்டும் வாசலிலேயே நிறுத்தி ஸ்கேன் பண்ணுகிறேன்.

போன மாதம் அத்தையின் வாட்ஸ்அப்புக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. படம் இல்லை, ஆப்பை நிறுவுகிற ஏபிகே கோப்பு. யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாததால் அத்தை கோபித்துக்கொண்டு திறக்கவில்லை. திறந்திருந்தால் போன் திருடர்கள் கைக்குப் போயிருக்கும், பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்துப் புலம்ப வேண்டியிருந்திருக்கும். உறவுக்காரர்கள் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கும் இந்த முறைக்கு நீங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை என்று நினைக்கிறேன். பிரீமியம் பேக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அத்தைக்கு ராயல்டி வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் வாடிக்கையாளன்

இணைப்பு: லைசென்ஸ் கீ அச்சிட்ட அட்டை ஒன்று. அதில் இன்னும் 41 நாள் பாக்கி இருக்கிறது. பயப்பட நேரமுள்ள யாருக்காவது கொடுத்துவிடவும்.