அஞ்சு வாட் ஆசாமி

கண்ணன் சார் வீட்டுக்கு வழி சொல்லக் கதவு எண் தேவையில்லை. மொட்டைமாடி மூங்கிலில் இருந்து தெருப்பக்கம் 33 அடி, தென்னைமரத்துப் பக்கம் 33 அடி செம்புக்கம்பி இறங்கும் வீடு என்றால் போதும். கொடி என்று நினைத்து அவர் மனைவி ஒருமுறை ஈரப் போர்வையை அதில் உலர்த்திவிட்டார். அன்று சார் போட்ட சத்தத்துக்கு டிரான்ஸ்மிட்டரே தேவைப்படவில்லை.

பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களில் இவர் அபூர்வ ரகம். மத்திய அரசுப் பரீட்சை எழுதி வாங்கிய உரிமம், 400 வாட் வரை அனுப்பலாம். இவர் அனுப்புவதோ 5. பூஜை அறையில் எரியும் பழைய ஜீரோ வாட் பல்பே அதைவிட அதிகம் குடிக்கும். "400 வாட்ல எவன் வேணா பேசலாம் சார். அது பேச்சா? அதட்டல்!" என்பார்.

சரி, சிக்கனக்காரர் என்று நினைத்தால் அதுவும் இல்லை. பேசுவது ஏ.எம்.மில். தொண்டை கிழியக் கத்தினாலும் போகிற சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு சொல்லைக்கூடச் சுமக்காத ஊர்தி அலைக்கே போய்விடும். வாயை மூடிக்கொண்டு யோசித்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மற்ற ஹாம்கள் எல்லாம் ஊர்தி அலை இல்லாமல் ஒரே பக்கப்பட்டையை மட்டும் அனுப்பும் எஸ்.எஸ்.பி.க்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டதே, நீங்கள் ஏன் மாறவில்லை என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"வேட்டிக்கு ரெண்டு கரை, நடுவுல துணி. அதான் ஏ.எம். நடுத்துணியையும் ஒரு கரையையும் கிழிச்சுப் போட்டுட்டு, மிச்சம் இருக்கிற ஒத்தைக் கரையை மட்டும் சுத்திக்கிட்டு வெளியே கிளம்புவீங்களா? அதான் எஸ்.எஸ்.பி."

"அதுக்குப் பேரு கோவணம்" என்றது அடுக்களை.

அவருடைய கருவியை நான் பார்த்திருக்கிறேன். காலி மாத்திரை டப்பாவில் சுற்றிய காயில், ரிச்சி தெருவில் எடைக்கு வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர், கட்டைவிரல் நகம் அளவு ஐ.ஆர்.எஃப். 510 டிரான்சிஸ்டர். ஆன்டெனாவுக்குப் பதில் ஒரு குட்டி பல்பை மாட்டி, மைக்கில் "ஹலோ" என்றார். மங்கலாக எரிந்துகொண்டிருந்த பல்பு "லோ"வில் பளிச்சென்று ஏறி இறங்கியது. அவர் முகமும் கூடவே ஏறி இறங்கியது. பேத்தி முதல் அடி எடுத்து வைத்தபோதுகூட அந்த முகத்தில் இத்தனை வெளிச்சம் இல்லை என்று மாமி சொல்கிறார்.

இத்தனை பாடுபட்டு அப்படி என்னதான் பேசுகிறார்? உங்கள் சத்தம் எப்படி வருகிறது, என் சத்தம் எப்படி வருகிறது. தெளிவுக்கு ஐந்துக்கு இத்தனை, பலத்துக்கு ஒன்பதுக்கு இத்தனை என்று மார்க். என் ஆன்டெனா இது, எங்கள் ஊரில் மேகமூட்டம், வணக்கம், கடைசியில் ஹாம்களின் வாழ்த்துக் குறி "செவன்டி த்ரீ". கோயம்புத்தூர் நண்பரிடமிருந்து பதிலே வராத நாட்களும் உண்டு. அப்போது சட்டைப்பையில் இருந்து செல்போனை எடுத்து, "இப்பக் கூப்பிட்டேனே, கேட்டுதா?" என்பார். போனிலேயே பேசிவிடலாமே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்களுக்குள் ஒரு மாதம் பேச்சுவார்த்தை நின்றது அப்படித்தான்.

பழக்கதோஷம் வேறு. கேஸ் ஏஜென்சியில் பெயர் கேட்டால், "கிலோ, ஆல்ஃபா, நவம்பர், நவம்பர்…" என்று எழுத்துக்கூட்டுவார். "எத்தனை கிலோ சார்? நவம்பர்லயா வேணும்?" என்று அந்தப் பெண் கேட்பாள்.

அவருக்கு ஜென்மப் பகை எல்.இ.டி. பல்பு. தெருவில் உள்ள மட்டமான பல்பும் சார்ஜரும் கிளப்பும் கரகரப்பில் அஞ்சு வாட்காரர்களின் குரல் எல்லாம் அமுங்கிப்போகுமாம். ஆகவே கரண்ட் போனால் ஊரே மின்வாரியத்தைத் திட்டும்போது, இவர் மட்டும் பண்டிகைக் களையோடு 12 வோல்ட் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரியும் கரண்ட் போனது. ஃபேன் இல்லை, டிவி இல்லை. தெருவே விசிறியும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தது. மொட்டைமாடியில் இருந்து ஹாம்களின் பொது அழைப்பு வந்தது: "சிக்யூ, சிக்யூ… அஞ்சு வாட், ஏ.எம்… யாராவது கேக்கறீங்களா? ஓவர்."

பதில் இல்லை. மறுபடி அழைத்தார். மூன்றாம் தடவை அழைத்தபோது இருட்டுக்குள் இருந்து ஒரு பொடியன் கத்தினான்:

"ஃபைவ் நைன், மாமா!"