வாணம் பிடிக்க வந்த மருமகனுக்கு

வாரும் மருமகனே, வாரும். கொடைக்கு அம்மனுக்குக்கூட இவ்வளவு நகை பூட்டி நான் பாத்ததில்ல. கழுத்துல கேமரா ரெண்டு, தோள்ல பை, இடுப்புல லென்ஸு! போன கொடையிலயும் இதே கோலத்துலதான் நின்னீரு. படத்த ஊரே பாத்துச்சு. வாணம் ஒண்ணையும் காணோம். முன்னால நின்ன தர்மகர்த்தா வழுக்கை மட்டும் பௌர்ணமியாட்டம் மின்னுச்சு. நாலஞ்சு மீட்டர் எட்டுற பிளாஷ வச்சுக்கிட்டு, நூறு மீட்டர் ஒசரத்துல வெடிக்கிற குண்டுக்கு வெளிச்சம் காட்டுதீரே, பத்தலன்னு அது உம்மகிட்ட கேட்டுச்சாவே?

ஸ்டூடியோக்காரருக்கு ஸ்டாண்டு தூக்கின தோளு இது. கேட்டா கேளும், கேக்காட்டா போவும். தர்மகர்த்தா இந்த வருசமும் வருவாரு.

பிளாஷ அமத்தும். ஆட்டோவையும் அமத்தும், அது இருட்டக் கண்டு மெரண்டு கண்ண அகலத் தொறந்துரும், செவப்பும் ஊதாவும் சுண்ணாம்பா வெளுத்துப் போவும். ஐஎஸ்ஓ 100, துவாரம் எப்/11, போதும். முத குண்டுல போகஸப் பிடிச்சுட்டு மேனுவலுக்கு மாத்திரும். இல்லேன்னா லென்ஸு இருட்டுக்குள்ள தொழாவிக்கிட்டே கெடக்கும்.

வெடிச்சதப் பாத்துப் பொத்தான அமுக்குதீரு பாரும், அங்கதான் சோலி கெடுது. குழாயில இருந்து குண்டு கெளம்பும்போது கீழ 'டுப்'னு ஒரு சத்தம் வரும். அதுக்குக் காதத் தீட்டி வையும். கேட்டதும் ஷட்டரத் தொறந்துரும். 'பல்ப்'புனு ஒரு வசதி இருக்குல்லா, பொத்தான விடுத வரைக்கும் தொறந்தே இருக்கும். ரிமோட்டால அமுக்கும்; கைய வச்சா ஸ்டாண்டே ஆடும். குண்டு வால் விட்டு ஏறுததும், விரிஞ்சு பொறி வளைஞ்சு எறங்குததும் அத்தனையும் ஒரே படத்துல கோடு கோடா விழும். பொறி அணைஞ்சதும் மூடும். மூணு செகண்டும் ஆவும், ஆறும் ஆவும். ரெண்டு மூணு குண்டு ஒரே படத்துல வேணுமா? மூடாதேயும், நடுவுல ஒரு கருப்பு அட்டைய லென்ஸுக்கு முன்னால மறைச்சுப் பிடியும். கடைசில வாணக்காரரு மொத்தமாக் கொளுத்துவாரு, அப்போ நேரத்தக் கொறைச்சுக்கிடும்.

காத்து முதுகுல அடிக்கிற பக்கமா நில்லும். புகை மூடுததுக்கு முன்ன, முத அஞ்சு நிமிசத்து வானந்தான் துப்புரவா இருக்கும். அந்நேரம் நீரு சுக்குக்காப்பிக்கு வரிசைல நிப்பீரு, எனக்குத் தெரியாதாக்கும்!

வெறும் வானத்தப் பிடிச்சா நம்மூரா சிங்கப்பூரான்னு எவனுக்குத் தெரியும்? கோபுரத்த ஓரமாச் சேத்துக்கிடும், சீரியல் பல்பு மட்டும் எடைல வராமப் பாத்துக்கிடும். பச்சை நெறம் நல்லா விழுந்தா ரொம்பப் பெருமையடிக்காதேயும். அதுக்குப் பெரும்பாலும் பேரியம் உப்புத்தான் போடுவாங்க. பட்டாசுல அது கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2018லயே சொல்லியாச்சு. உம்ம படம் சாட்சிக்குப் போயிரும்.

உம்ம தங்கச்சி செல்போனச் சுவத்துல சாத்தி, திரையில விரல வச்சு போகஸப் பூட்டி, வெளிச்சத்தக் கொறைச்சு எடுத்தாளே, அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடும். கௌரவம் ஒண்ணும் கொறையாது.

கயித்துக்கு இந்தப் பக்கமே நில்லும். வெடிக்காம விழுந்த குண்ட கிட்டப்போய்ப் படம் பிடிக்கக் குனியாதேயும். அது உள்ளுக்குள்ள இன்னும் கனிஞ்சுக்கிட்டு கெடக்கலாம்.