அமிக்டலா நூறு கிராம்: செவிலியர் நுழைவுத் தேர்வுச் சொற்கள் குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவில் நர்சிங் படிக்க வருவோரிடம் பல கல்லூரிகள் கேட்கும் ஹெசி ஏ2 என்னும் நுழைவுத் தேர்வில் சொல்வளத்துக்கு ஒரு பகுதி உண்டு, உடற்கூறியலுக்கு இன்னொன்று. முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள் என்று அட்டை அட்டையாக எழுதி உருப்போடுவது தேர்வர்களின் வழக்கம். இச்சொற்கள் கடினமானவை, சாமானியர் வாயில் நுழையாதவை என்பது ஊரறிந்த கருத்து. அது பிழை என்றும், இவற்றில் கணிசமானவை ஒரு மளிகைக் கடையிலும் அதை ஒட்டிய பாத்திரக் கடையிலும் பொறுக்கி எடுத்தவை என்றும், எனவே இத்தேர்வுக்குப் படிக்க உகந்த இடம் நூலகமல்ல, அடுப்படியே என்றும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

முதலில் மளிகை. மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதி அமிக்டலா. கிரேக்கத்தில் அது பாதாம் பருப்பு. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், லத்தீனில் நம் மைசூர்ப் பருப்பு. மணிக்கட்டிலுள்ள பிசிஃபார்ம் எலும்பு பட்டாணி வடிவம் கொண்டது. உள்நாக்குக்கு அவர்கள் இட்ட பெயர் யூவுலா, அதாவது குட்டித் திராட்சை. தசைநாணுக்குள் புதைந்திருக்கும் செசமாய்டு எலும்புகள் எள்ளைப் போன்றவை. அடுத்து பாத்திரம். இடுப்பெலும்புக் கூடான பெல்விஸ் ஓர் அகன்ற தொட்டி. தொடையெலும்பின் தலை பொருந்தும் குழியான அசிட்டாபுலம், ரோமானியர் மேசையில் வினிகர் வைத்த கிண்ணம். தொட்டிக்குள் கிண்ணம் கிடப்பதைப் பார்த்தால், சாப்பாடு முடிந்து யாரோ கழுவப் போட்டது போலத்தான் இருக்கிறது. முழங்கால் சில்லான பட்டெல்லா ஒரு சிறு தட்டு. இங்கே ஒரு விந்தை: செசமாய்டு எலும்புகளிலேயே பெரியது இந்தப் பட்டெல்லாதான். எள்ளு வகையில் மிகப் பெரியது ஒரு தட்டு என்று எந்தக் கடைக்காரரும் சொல்லத் துணியமாட்டார், உடற்கூறியல் துணிந்திருக்கிறது.

சொல்லின் வேரைவிட விகுதிதான் முக்கியம், அதைக் கற்றால் போதும் என்று பயிற்சி நூல்கள் மறுக்கக்கூடும். ‘ஐட்டிஸ்’ வந்தால் அழற்சி, ‘எக்டமி’ வந்தால் வெட்டி எடுத்தல் என்பது அவற்றின் சூத்திரம். மறுப்பதற்கில்லை. ஆனால் ‘ஐட்டிஸ்’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘சார்ந்த’ என்றே பொருள். ‘மூட்டைச் சார்ந்த நோய்’ என்பதில் ‘நோய்’ தொக்கி நின்று ஆர்த்ரைட்டிஸ் ஆயிற்று. தொகைநிலைத் தொடரை விரித்தெழுதி மதிப்பெண் வாங்கிய தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. குடல்வாலைக் குறிக்கும் அப்பெண்டிக்ஸ் புத்தகத்தின் பின்னிணைப்பையும் குறிக்கும். அதைக் கிழித்தெடுத்தாலும் புத்தகத்தைப் படிக்கலாம் என்பதே அப்பெண்டெக்டமியின் தத்துவம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சொற்பிறப்பு பொய் சொல்லும். தமனியைக் குறிக்கும் ஆர்ட்டரி என்ற சொல் கிரேக்கத்தில் முதலில் மூச்சுக்குழாயைக் குறித்தது. இறந்த உடலில் தமனிகள் வெறுமையாகக் கிடந்ததால் அவை காற்றைச் சுமக்கின்றன என்று பண்டையோர் பலர் நம்பினர். அவற்றில் ஓடுவது குருதியே என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் காட்ட வேண்டியிருந்தது. பெயரை நம்பி விடையளிப்பவர் மதிப்பெண் இழப்பார். உண்மைதான், ஆனால் உண்மையை மறப்பவர்கூடச் சுவையான பொய்யை மறப்பதில்லை. பொய்யை நினைவில் வைத்து அதற்கு மாறாக எழுதினால் விடை சரியாகிவிடும். ஹைப்பர், ஹைப்போ என்று ஈறு பிறழ்ந்தால் சர்க்கரை கூடியவர் குறைந்தவராகிவிடுவாரே என்றால், அங்கே மளிகைக் கடை கைகொடுக்காது என்பதை ஆய்வு நேர்மைக்காக ஒப்புக்கொள்கிறோம். தலைக்கும் தழைக்கும் தளைக்கும் வேறுபாடு காணப் பழகிய காதும் கண்ணும்தான் அங்கே துணை.

பெயரிடும் இந்த முறை கிரேக்கருக்கும் ரோமானியருக்கும் மட்டும் உரியதன்று. கண்ணின் நடுவே தெரியும் கரிய துளையை உற்றுப் பார்த்தால், பார்ப்பவரின் உருவம் பொம்மையளவில் தெரியும். ரோமானியர் அதைச் ‘சிறு பொம்மை’ என்றனர், அதுவே பியூப்பில். தமிழர் அதைப் பாவை என்றனர். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துக் கலைச்சொற்களும் தொகுத்தார். கடினம் என்பது சொல்லின் இயல்பல்ல, அதன் வீட்டை விட்டு நாம் தள்ளி நிற்பதன் விளைவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாதாமை அமிக்டலா என்று சொன்ன கிரேக்கர் யாரும் அதற்காக அட்டை எழுதியிருக்கமாட்டார்.

ஆகவே நம் முடிவு: தேர்வர் அட்டையைக் கையிலும் அஞ்சறைப் பெட்டியைப் பக்கத்திலும் வைத்துப் படிப்பது நன்று. இதில் தேர்வைத் தாண்டியும் ஒரு லாபம் உண்டு. தேர்வு கேட்பது முன்பக்கத்துச் சொல்லிலிருந்து பின்பக்கத்துப் பொருளுக்குப் போகும் ஒருவழிப் பயணம். வார்டில் படுத்திருப்பவருக்கு முன்பக்கத்தால் ஒரு பயனுமில்லை. “எனக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்கும்போது அவர் கேட்பது அட்டையின் பின்பக்கத்தைத்தான்.