மணிக்கட்டிலிருந்து தரைவரை

அவருக்கு மணிக்கட்டிலிருந்து தரைவரை 31.5 அங்குலம். இதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குனோங் ராபாட் காப்பிக்கடையில் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால் போதும். நீங்கள் சொன்ன கோப்பி ஓ வருவதற்கு முன் அந்த எண் வந்துவிடும். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று டாக்டர் கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பவர் இவர். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளும் மனைவி இலாகாதான். ஆனால் மணிக்கட்டுக்கும் தரைக்கும் நடுவே எத்தனை அங்குலம், கையுறை எந்த சைஸ், ஏழாம் நம்பர் கோல்ஃப் அயர்ன் தரையில் எத்தனை பாகை சாய்ந்து உட்காருகிறது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இவர் தனி ஆள் இல்லை, ஒரு வகையறா. ஈப்போ வட்டாரத்தில் இவர்கள் பெருகிவிட்டார்கள். வயது 60ஐத் தாண்டியிருக்கும். பிறந்தது ஏதாவதொரு கித்தாத் தோட்டத்தில். ஓய்வு பெற்றது வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ அரசாங்க அலுவலகத்திலோ. மகள் கோலாலம்பூரில், மகன் மெல்பர்னில். தாமானில் ஓரத்து வீடு, கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வலை, வலைக்கு முன்னால் ஒரு ரப்பர் விரிப்பு. கார் வெயிலில் நிற்கும். உடம்புக்கு அளவெடுத்துக் கோல்ஃப் கம்பி வாங்குகிற இவர்களுக்கு நான் ஃபிட்டிங் அங்கிள் என்று பெயர் வைத்திருக்கிறேன். டத்தோ பட்டம் கிடைக்காதவர்களுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டாமா?

அங்கிளுக்கும் கோல்ஃப் என்கிற குழிப்பந்துக்கும் உள்ள உறவு கையில் தொடங்கியதல்ல, தோளில் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் துரைமார் கிளப்பில் பை தூக்கிய பையன்களில் அவரும் ஒருவர். துரை அடிப்பார், பையன் பந்து போன திசையைப் பார்ப்பான். பந்து புதரில் விழுந்தால் பையனுக்குப் பாட்டு விழும். திரும்பி வந்து லயத்துக்குப் பின்னால் மரக்கிளையை ஒடித்து, கித்தாக்கொட்டையைப் பந்தாக வைத்து, துரையின் அடியை அப்படியே அடித்துக்காட்டுவார்கள். வி. நெல்லன், எம். ராமையா, பிறகு பி. குணசேகரன் என்று நம் பெயர்கள் நாட்டின் முன்னணி ஆட்டக்காரர் வரிசையில் வந்தபோது அந்தப் பையன்கள் பெரியவர்களாகி, கையில் பேனாவும் பையில் சம்பளமும் வைத்திருந்தார்கள். அப்போதுதான் ஊருக்குக் கப்பலேறுகிற ஏதோ ஒரு மேனேஜர் தன் பழைய செட்டை விற்கப்போவதாகச் செய்தி வரும். அங்கிள் வாங்கிவிடுவார்.

அந்தச் செட்டில்தான் வினை இருந்தது. பிங் கம்பெனியின் ஐ 2. உலகமெங்கும் கொண்டாடிய செட்டு, குறை சொல்ல முடியாது. இந்தக் கம்பெனியைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், ஜெனரல் எலக்ட்ரிக்கில் என்ஜினியராக இருந்தவர். பந்து சரியாக உருளவில்லையே என்று வீட்டு கராஜில் பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டர் கம்பி ஒன்றைத் தானே செய்தார். அடித்தால் 'பிங்' என்று சத்தம் கேட்டது. 1959இல் அதுவே பெயராயிற்று. பந்து தப்பிப் போனால் ஆட்களெல்லாம் தங்களை நொந்துகொண்டிருந்த காலத்தில், கம்பியையும் சந்தேகப்படலாம் என்று சொன்ன புண்ணியவான். குட்டை ஆளுக்கும் நெட்டை ஆளுக்கும் ஒரே கோணத்தில் கம்பி கொடுத்தால் எப்படி என்று கேட்டு, ஒவ்வொரு அயர்னிலும் ஒரு வண்ணப் புள்ளி வைத்தார். கறுப்பு என்றால் பொது அளவு. சிவப்பு என்றால் கம்பி கொஞ்சம் படுத்திருக்கும். பச்சை என்றால் இரண்டு பாகைக்கு மேல் நிமிர்ந்திருக்கும். அது நெட்டை ஆட்களுக்கு.

மேனேஜர் துரை ஆறடிக்கு மேல். செட்டில் பச்சைப் புள்ளி. அங்கிள் ஐந்தடி நாலு அங்குலம், அதிலும் பால்வாளி தூக்கிய பரம்பரையில் வந்த நீளமான கை. அந்தப் பச்சையை அவர் பெயிண்டு சிந்திய கறை என்று நினைத்து, பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்த்து, போகவில்லை என்று விட்டுவிட்டார்.

நிமிர்ந்த கம்பியைக் குட்டை ஆள் பிடித்தால் கம்பியின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், குதிகால் தரையில் முட்டும், முகம் இடப்பக்கம் திரும்பும். பந்தும் இடப்பக்கம் போகும். ஒரு பாகை பிசகினால் 150 கெஜத்தில் ஏறக்குறைய நாலு கெஜம் விலகும் என்பது இந்தத் தொழிலில் சொல்கிற கணக்கு. அங்கிளுக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் பந்து எங்கே போகிறது என்று தெரியும். பை தூக்கிய பழக்கம். இடப்பக்கம் போகிறதா, சரி, நாம் வலப்பக்கம் பார்த்து நிற்போம். நின்றார். ராயல் பேராக் கிளப்பில் நின்றார், பத்து காஜாவில் நின்றார், மேரு வேலியில் நின்றார். கொடி ஒரு பக்கம் இருக்க அவர் வேறு பக்கம் பார்த்து நிற்பதைக் கண்டு, பக்கத்துக் குழியில் ஆடுகிறவர்கள் மரியாதையாக மரத்துக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். பந்து வளைந்து வந்து கொடியருகே விழும். 'அங்கிள் ஸ்டைல்' என்று அதற்குப் பெயரே உண்டாயிற்று. ரஜினிக்கு ஒன்று இருந்தால் இவருக்கும் ஒன்று இருக்கக்கூடாதா?

கெட்டது யூடியூப்பால். ஓய்வு பெற்றவருக்கு இரவு ஒன்பதுக்கு மேல் வேறென்ன வேலை? ஒரு வெள்ளைக்காரத் தம்பி மீட்டரும் மெஷினுமாக நின்றுகொண்டு, அளவெடுக்காத கம்பியில் ஆடுவது இன்னொருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கிற மாதிரி என்று சொல்லிவைத்தான். அங்கிள் அன்று இரவு தூங்கவில்லை. விடிந்ததும் மனைவியிடம் அறிவிப்பு.

"அளவெடுக்கக் கோலாலம்பூர் போறேன்."

"ஏங்க, எனக்கு ப்ளவுஸ் அளவெடுக்க ஜாலான் லஹாட்ல பத்து நிமிஷம் ஆகுது. உங்க கம்பிக்கு எதுக்கு ரயிலு?"

"உன் ப்ளவுஸுக்கு ஷாஃப்ட் கிடையாதே."

"ஷாஃப்டு எத்தனை வெள்ளி?"

இந்தக் கேள்விக்கு அங்கிள்மார் யாரும் பதில் சொன்னதாக வரலாறு இல்லை. சேமநிதியில் எடுத்த பணம் எங்கே போயிற்று என்பது இவர்கள் வீடுகளில் இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது.

ஈடிஎஸ் ரயிலில் போனார். மூத்த குடிமக்களுக்குப் பாதிக் கட்டணம் என்பதால் அடையாள அட்டையை முதல் ஆளாக நீட்டினார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோலாலம்பூர்க் கடையில் ஒரு சீனத் தம்பி. முதலில் உயரம். பிறகு, "கையைத் தொங்கவிட்டு நேராக நில்லுங்கள் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தம்பி தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, மணிக்கட்டிலிருந்து தரைவரை டேப் பிடித்தான். காப்பிக்கடையில் அங்கிள் இந்தக் கட்டத்தில் மட்டும் குரலைத் தாழ்த்துவார். விலையைச் சொல்லும்போதுகூட அப்படித் தாழ்ந்ததில்லை. தோட்டத்தில் அவருக்கு எதுவும் அளவெடுத்து வந்ததில்லை. பள்ளிச் சட்டை அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துத் தைத்தது, சப்பாத்து அண்ணன் போட்டுக் கழித்தது, கம்பி துரை விட்டுப்போனது. 60 வயதைத் தாண்டிய பிறகு ஒருவன் வந்து முழங்கால் ஊன்றி, உங்களுக்கு எத்தனை அங்குலம் என்று கேட்கிறான். 31.5 என்ற எண்ணை அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவதை நான் மன்னித்துவிட்டேன். மற்றவற்றை மன்னிக்கவில்லை.

அடுத்து கை அளவு, அதற்கேற்ற பிடி. பிறகு அயர்னின் அடியில் டேப் ஒட்டி, கடினமான பலகைமேல் அடிக்கச் சொன்னான். பழைய கம்பியில் தழும்பு குதிகால் பக்கம் விழுந்தது. தம்பி கம்பியைத் திருப்பிப் பார்த்தான், பச்சைப் புள்ளியைக் கண்டான், அங்கிளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தான். நாகரிகமான பிள்ளை, ஒன்றும் சொல்லவில்லை. "இது வேறு ஒருத்தருடையது அங்கிள்" என்றான். முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்திய பிறகு இப்படி ஒரு சேதி.

பிறகு ரேடார். பந்து கிளம்பிய வேகம், ஏறிய கோணம், சுழற்சி, காற்றில் பறந்த தூரம், எல்லாம் திரையில் வந்தன. தம்பி கொஞ்சம் யோசித்து, "அங்கிளுக்கு சீனியர் ஷாஃப்ட் பொருந்தும்" என்றான்.

இங்கேதான் அந்தப் பாதிக் கட்டண டிக்கெட்டை நீங்கள் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ரயிலில் சீனியர், கிளினிக் வரிசையில் சீனியர், கோயில் அன்னதானப் பந்தியில் சீனியர். ஷாஃப்டில் மட்டும் சீனியர் ஆகாது! "எனக்கு ஸ்டிஃப் போடு தம்பி, நான் தோட்டத்து உடம்பு" என்றார். அதிகம் வளையாத அந்த ஸ்டிஃப் தண்டில் அடித்தார். பந்து தாழப் பறந்து, வலப்பக்கம் ஒதுங்கி, சீக்கிரமே இறங்கியது. ரெகுலரில் அடித்தார், ஏதோ பரவாயில்லை. மெதுவாகக் கம்பி சுழற்றுகிறவருக்கு வளைந்து கொடுக்கிற தண்டும் எடை குறைந்த கிராஃபைட்டும் பந்தை மேலே தூக்கிக் கொடுக்கும். திரை அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. அங்கிள் திரையைப் பார்க்கவில்லை. கடைசியில் தம்பி ஒரு தண்டை எடுத்துக் கொடுத்து, "இதன் பெயர் ஏ" என்றான். சீனியர் தண்டுக்குக் கம்பெனிக்காரர்கள் போடும் எழுத்துதான் அது. வயதைச் சொல்லாமல் விற்கத் தெரிந்தவர்கள். அடித்தார், பறந்தது. எம்.சி.இ. பரீட்சையில் கணக்குப் பாடத்தில் வராமல் போன 'ஏ' கடைசியில் கோலாலம்பூரில் கிடைத்தது.

புதுச் செட்டு வந்துசேர்ந்தது, சிவப்புப் புள்ளியோடு. அதற்கப்புறம்தான் ஊருக்குச் சனி பிடித்தது. காலையில் கெக் லோக் தோங் குகைக்குப் பின்னாலிருக்கும் தோட்டத்தில் நடக்கப் போகிறவர்கள் அவரிடமிருந்து தப்ப முடியாது. பாதத்தை அழுத்தும் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நின்றுகொண்டே, அடித்துச் செய்த இரும்புக்கும் வார்த்துச் செய்த இரும்புக்கும் வித்தியாசம் சொல்வார். ஒரு காலத்தில் இரும்புத்தாது தோண்டிய குகை அது, இடப்பொருத்தம் குறைவில்லை. கால்வலி தாங்காமல் நீங்கள் முகத்தைச் சுளித்தால், பேச்சில் லயித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மாலை மாற்றும்போது எல்லாரும் மாலையைப் பார்ப்பார்கள். இவர் மாப்பிள்ளையின் கை எவ்வளவு கீழே தொங்குகிறது என்று பார்ப்பார்.

காப்பிக்கடையில் ஒரே ஒரு எதிரி இருந்தார், பழைய கிராணி வீட்டுப் பிள்ளை.

"புது ஏழாம் நம்பர் 140 கெஜம் போகுதுடா" என்றார் அங்கிள்.

"பழசு எத்தனை பாகை?"

"முப்பத்தஞ்சு, முப்பத்தாறு இருக்கும்."

"புதுசு?"

"இருபத்தெட்டு."

"அண்ணே, அது பழைய அஞ்சாம் நம்பரு. நம்பரை மாத்தி வித்துட்டான்."

கணக்கு சரிதான். கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு வருஷம் கோணத்தைக் குறைத்து, அடியில் எடை வைத்துப் பந்தை எழும்பச் செய்து, அதே ஏழாம் எண்ணை அடிப்பாகத்தில் பொறித்துத் தருகிறார்கள். அங்கிள் ரொட்டி சானாயைக் கிழித்துக் குழம்பில் முக்கி, "ஏழுன்னுதானே எழுதியிருக்கு?" என்றார். விவாதம் அத்தோடு முடிந்தது.

புதுச் செட்டோடு முதல் ஆட்டம் பத்து காஜாவில், கிளியர்வாட்டரில். ஈயம் எடுத்துவிட்டு விட்டுப்போன குட்டைகளைச் சுற்றிப் போட்ட திடல் அது. எங்கே திரும்பினாலும் தண்ணீர். அங்கிள் புது அயர்னை உருவினார், கொடியைப் பார்த்தார், முப்பது வருஷப் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்து நின்றார், அடித்தார். சிவப்புப் புள்ளி தன் கடமையைச் செய்தது. எங்கே பார்த்து நின்றாரோ, இம்மி பிசகாமல் அங்கேயே பந்து போனது. குட்டையில்.

இன்னொன்று அடித்தார். அதுவும் நேர், அதுவும் குட்டை. கோலாலம்பூர்க் கடையில் ரப்பர் விரிப்பில் கோடு போட்டிருந்தது, கோட்டின்படி நின்றார். வீட்டு வலையில் எந்தப் பக்கம் அடித்தாலும் வலைதான். இங்கே புல்லில் கோடு இல்லை. கம்பியிலிருந்து துரையை இறக்கியாயிற்று. உடம்பில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். அன்று அங்கிள் ஸ்டைலுக்கு ஒரு டஜன் பந்து செலவு. திரும்பி வரும் வழியில் காரில் அவர் பேசியது ஒன்றுதான்: "பந்து சரியில்லை. பந்துக்கும் ஃபிட்டிங் இருக்காம்."

பழைய செட்டு வீட்டில் சும்மா கிடந்தது. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை ஆறடி இரண்டு அங்குலம். கோல்ஃப் கம்பியை ஆயுளில் தொட்டதில்லை. முறுக்கு தின்று அலுத்துப்போய், வாசலில் கிடந்த பச்சைப் புள்ளி ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டு மாமனாரோடு பயிற்சித் திடலுக்குப் போனார். முதல் அடி காற்றில். இரண்டாவது பந்து கிளம்பி, உயரப் பறந்து, நூறு கெஜப் பலகையின் தலைக்குமேல் நேராகப் போய் விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. நாலாவதும். பக்கத்து விரிப்புகளில் இருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அங்கிள் வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பையைத் திறந்து டேப்பை எடுத்தார்.

"மாப்பிள்ளை, அந்தக் கம்பி உங்களுக்குச் சரிவராது. கையைத் தொங்கவிட்டு அப்படியே நேரா நில்லுங்க."