பென்சிலைக் கீழ வை, பேராண்டி

மெட்ராஸ் காலேசுல தமிழ் படிச்சிட்டுத் தங்கச்சிமடம் வந்திருக்க. நேத்து ராத்திரி திண்ணையில நீ பண்ணுன காரியத்தைப் பார்த்தேன்டா அப்பு. கையில பிரமிள் கவிதைப் புத்தகம். வரிக்கு வரி பென்சில் கோடு. ஓரத்துல 'இது வாழ்க்கை', 'இது மரணம்'னு குறிப்பு வேற. நண்டு ஓட்டை என்னமா உடைச்சிருக்க! சதையைத்தான் காணோம்.

பிரமிள் நமக்கு அசலூரு ஆளு இல்ல. இந்தக் கடலுக்கு அங்கிட்டு, திருகோணமலையில 1939-ல பொறந்தவரு. சி.சு. செல்லப்பா 1959-ல ஆரம்பிச்ச 'எழுத்து' பத்திரிகையில, இருபது வயசு வாக்குல எழுத வந்துட்டாரு. புரியலன்னு அப்பவே ஒரு கூட்டம் முணுமுணுத்துச்சு. பின்னாடி ராமநாதபுரம் லைப்ரரியில படிச்சப்ப எனக்குந்தான் புரியல. அதுக்காக நான் பென்சிலைத் தேடல.

கரைவலை இழுத்தவன்டா நான். 'ஐலசா'வுக்கு எந்த அகராதியில பொருள் பார்த்தோம்? வலை இழுக்கையில அம்பாப் பாட்டு பாடுறவன் ஒரு அசை தப்பவிட்டாப் போதும், இருபது கையும் இருபது பக்கம் போகும், மீனு சிரிச்சுக்கிட்டே வெளியேறும். எதுகை மோனை இல்லாத கவிதையிலயும் அந்த இழுப்பு உண்டு. வரியை எங்க முறிக்கிறான், எங்க வல்லினம் பல்லுல இடிக்குது, எங்க நெடில் மூச்சை வாங்குது, எல்லாம் காது சொல்லும். நீதான் வாயே தொறக்கலையே! ராமேசுரம் கோயில்ல 22 தீர்த்தத்தையும் எண்ணிட்டு, ஒரு சொட்டும் மேல படாம வந்தவன் கதைதான் ஒன் கதை.

படிமம் ஒன்னய மிரட்டுதாம்ல? மிரட்டட்டும். 'கைப்பிடியளவு கடல்'னு பிரமிள் ஒரு தொகுப்புக்குப் பேரு வச்சிருக்காரு. நீயும் போயி அள்ளிப் பாரு. கையில கெடக்கிறது தண்ணி, கடல் எங்க போச்சு? அது உறுத்துதுல்ல, அதோட விடு. வெளக்கம் எழுதிக் காயவச்சா மிஞ்சுறது உப்புத்தான்.

1964 டிசம்பர்ல தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போச்சு, பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலையும் சேர்த்து. அப்ப எனக்குப் பத்து வயசு. கொஞ்ச நாள் கழிச்சு எங்க கரையில ஒரு பிள்ளைச் செருப்பு ஒதுங்குச்சு. ஒத்தைச் செருப்பு. இத்தன வருசமா என் கண்ணுக்குள்ளயே கெடக்கு. அது எதைக் குறிக்குதுன்னு மட்டும் நீ கேட்டிருந்த, பேரன்னும் பார்த்திருக்க மாட்டேன்.

இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு கவிதை. வாய்விட்டு, மூணு தரம். ஒங்கப்பத்தா கேட்டுக்கிட்டு இருப்பா. அவளுக்கும் புரியாது, அதுக்காகக் கோவிச்சுக்கவும் மாட்டா. பென்சிலை அவகிட்டக் குடுத்துரு. பால் கணக்கு எழுத ரெண்டு நாளாத் தேடுறா.